பெரிய வீட்டில் மாமி காய்ச்சிய பால்

எங்கள் காம்பராவில் ஒருவர் திரும்பிப் படுத்தால் எல்லோரும் திரும்பிப் படுக்க வேண்டும்.

இது என் மாமி, அதாவது என் வீட்டுக்காரரைப் பெற்றவர், சொன்ன பேச்சு. நான் கல்யாணமாகி வந்த புதிதில், பாயை உதறி விரித்துக்கொண்டே, கடையில் என்ன சாமான் வந்திருக்கிறது என்று சொல்வதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். "வலது பக்கம் படுக்கணும்னா முன்கூட்டியே சொல்லிடு புள்ள. அந்தக் கோடி வரைக்கும் சேதி போகணுமில்ல?" சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோடியில் படுத்திருந்த மாமா இருமினார். அது அவருடைய சிரிப்பு என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல நாள் ஆனது.

அப்புத்தளையிலிருந்து பெரகலப் பக்கம் மலை இறங்குகிற சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். எழுபதுகளின் தொடக்கம், பாண் என்கிற கடை ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். ஒரே கூரைக்கடியில் வரிசையாக அறைகள் ஓடுகிற லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அந்த ஒற்றை அறைக்குள் மாமா, மாமி, என் வீட்டுக்காரரின் தங்கச்சிமார், நாங்கள் இரண்டு பேர். முன்னால் இஸ்தோப்பு என்று சொல்கிற ஒடுக்கமான தாழ்வாரம். அதில்தான் அடுப்பு, விறகு, கொழுந்துக் கூடை, மழை நாளில் கோழிகளும். புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள் ஒரு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் விறகுக்குப் போகிற சாக்கில் மலைக்குப் பின்னால் போக வேண்டும். "இந்தப் புள்ளைங்க கல்யாணம் ஆனதிலேருந்து நம்ம வீட்ல விறகுக்குப் பஞ்சமே இல்ல" என்று மாமி லயமே கேட்கிற மாதிரி சொல்வார். நான் வெட்கத்தில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளாத குறை.

அதனால்தான் புது லயம் கட்டப்போகிறார்கள் என்றதும் எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. எங்கள் லயத்துக்கு மேலே ஒரு மேடு. பழைய தேயிலையைப் பிடுங்கிப் போட்டு வெறுமனே கிடந்த இடம். அங்கே புது லயம், அதில் ஓரக் காம்பரா உங்களுக்கு என்று எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டார். ஓரக் காம்பரா என்றால் சும்மாவா! வெளிப்பக்கத்தில் ஒரு சுவர் கூடுதலாக இருக்கும். அதில் ஒரு சன்னல் வைக்கலாம். மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போதெல்லாம் அந்த மேட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவேன். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்று, இங்கே சன்னல், இங்கே அடுப்பு, இங்கே தொட்டில் என்று மனசுக்குள் சாமான் அடுக்குவேன். தொட்டில் வரைக்கும் போனதற்குக் காரணம் இருந்தது. அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லியிருந்தேன், விறகுக்குப் போனபோது.

அத்திவாரம் வெட்டுகிற கூட்டத்தில் அவரும் இருந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் கையில் ஒரு சட்டித் துண்டு. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு.

"உன் சன்னலுக்குக் கீழ யாரோ சமைச்சிருக்காங்க புள்ள," என்றார்.

"யாரு?"

"தெரியல. மம்பட்டி போடப் போடச் சாம்பலா வருது. அரைக்கிற கல்லு ஒன்னு வந்திருக்கு. துரை வந்து பாத்துட்டு வேலைய நிப்பாட்டச் சொல்லிட்டாரு."

சாம்பலும் சட்டியும் என் காதில் விழவே இல்லை. நிப்பாட்டச் சொல்லிவிட்டார் என்பது மட்டும்தான் விழுந்தது.

தோட்டத்தை நடத்துகிற துரை யாருக்கோ எழுத, கொழும்பிலிருந்து ஒரு ஜீப் வந்தது. பழங்கால இடங்களைத் தோண்டிப் பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவர் இறங்கினார். தொப்பியும் ஒல்லி உடம்புமாக, சிங்கள ஐயா. தமிழில் 'வாங்க', 'தேத்தண்ணி' என்ற இரண்டு சொல்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டே ஊரைச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தார் போல. மற்றப் பேச்சுக்கெல்லாம் அவருடைய டிரைவர். பண்டாரவளைப் பக்கத்து முஸ்லிம் ஆள். எல்லோரும் அவரை நானா என்றோம். நானாவிடம் பேச்சுக்குக் குறைவே கிடையாது. ஐயா ஒரு வாக்கியம் சொன்னால் நானாவின் தமிழில் அது மூன்றாகும்.

கச்சான் காற்று வீசுகிற வறட்சி மாதம். கொழுந்து குறைவு. அதனால் எங்களில் சில பெண்களை மேட்டு வேலைக்குப் போட்டார்கள். மாமியும் நானும் போனோம். மண்ணைச் சல்லடையில் சலிப்பது என் வேலை. கூடையில் அள்ளிக் கொட்டுவது மாமியின் வேலை. ஐயா குந்திக்கொண்டு, பெயின்ட் அடிக்கிற தூரிகை மாதிரி ஒன்றால் மண்ணைத் தடவிக்கொண்டே இருப்பார். மாமி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, "நம்ம கோழி ஒரு காலையில கிளறுறத இவரு ஒரு மாசமா கிளறுறாரு," என்பார். நானா அதையும் சிங்களத்தில் சொல்லிவிடுவார். ஐயா தலையைத் தூக்காமலே சிரிப்பார்.

மண் கொஞ்சம் கொஞ்சமாக விலக, களிமண் குழைத்துத் தட்டிப் போட்ட ஒரு தரை தெரிந்தது. அதில் கறுப்பு வட்டங்கள், வரிசையாக. மரத்தூண் நட்ட குழிகளாம். தூண் உக்கிப் போனாலும் அந்தக் குழிக்குள் விழுந்த மண் வேறு நிறமாகவே இருந்துவிடுமாம். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ஐயா ஒரு குச்சியைக் குத்தி, குச்சிக்குக் குச்சி நூல் கட்டினார். கட்டக் கட்ட நூல் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் லயத்தில் நாலைந்து காம்பராவைச் சேர்த்து வைத்தாலும் அந்த நூலுக்குள் அடங்கிவிடும். அத்தனையும் ஒரே வீடு!

ஞாயிற்றுக்கிழமை லயமே ஏறி வந்து பார்த்தது. குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நூலைத் தாண்டாமல், வாசல் என்று ஐயா காட்டிய இடத்துக்கு வெளியே நின்றார்கள். யாரும் சொல்லாமலே ஆம்பளைகள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள்.

"யாரு நானா இவங்க?" என்று மாமி கேட்டார்.

"ராசாக்களுக்கெல்லாம் முந்தின ஆளுங்களாம் அக்கா. காட்ட வெட்டி, எரிச்சு, மொதமொதல்ல இந்த மலையில குரக்கன் மாதிரி ஏதோ வெதச்சவங்களாம். கருகின தானியம் கெடச்சிருக்கு. ஆயிரம் ஆயிரமா வருசம் எண்ணணுமாம்."

"வெதச்சாங்கன்னா விடியக்காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கும் போயிருப்பாங்களோ?"

"பெரட்டும் இல்ல, கணக்கப்புள்ளையும் இல்ல."

"அப்ப சரிதான்," என்றார் மாமி. "அதான் இம்புட்டுப் பெரிய வீடு கட்ட நேரம் இருந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையும் அங்கேதான் நின்றார். அவருக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டின் நடுவில் மூன்று கல் வைத்த பெரிய அடுப்பு. அதில் பாதிச் சாம்பலை ஐயா ஏற்கெனவே கரண்டி கரண்டியாக எடுத்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். அந்தச் சாம்பலை வைத்துத்தான் வீட்டுக்கு எத்தனை வயசு என்று கணிப்பார்களாம். மிச்சப் பாதியைக் கடைசியாக எடுக்கலாம் என்று அப்படியே விட்டிருந்தார். வடக்கு மூலையில் இன்னொன்று இருந்தது. சின்னச் சின்னக் குழிகள் ஒரு வளைவாக ஓடி அந்த மூலையை மட்டும் தனியாகத் தடுத்திருந்தன. உள்ளே கையகலத்துக்கு ஒரு குட்டி அடுப்பு.

"இது எதுக்கு?" என்று கேட்டார் மாமி. நானா கேட்டுச் சொன்னார். "தட்டி வச்சு மறச்சிருக்காங்களாம். யாரு இருந்தாங்கன்னு சொல்ல முடியாதாம்."

மாமி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, வயிற்றை. நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை போலிருந்தது.

அந்த வாரம்தான் பேச்சு அடிபட ஆரம்பித்தது. மேட்டைக் கவர்மெண்டு எடுக்கப்போகிறது, வேலி போடப்போகிறார்கள், அங்கே லயம் கிடையாது என்று. ஒருவர் உண்டு என்பார், ஒருவர் இல்லை என்பார். நான் சல்லடையைப் பிடித்தபடி ஐயாவின் முகத்தையே பார்ப்பேன். ஒவ்வொரு கறுப்பு வட்டமாகக் கண்டுபிடித்து அவர் சந்தோசப்படும்போதெல்லாம் என் சன்னல் ஒரு சாண் தள்ளிப் போகிற மாதிரி இருக்கும். அந்த நல்ல மனுசர்மேல் எனக்குக் கோபம். அந்த வீட்டுக்காரர்கள்மேலும் கோபம். இத்தனை பெரிய மலையில் உங்களுக்கு வீடு கட்ட வேறு இடம் கிடைக்கவில்லையா?

இதை ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மாமி கூடையைக் கீழே வைத்தார்.

"தப்பு நம்ம மேலதான் புள்ள," என்றார். "அவங்க வீட்டுக்குள்ள நாம கேக்காம கொள்ளாம மம்பட்டியோட போயிட்டோம். ஒரு வீட்டுக்குக் குடி போனா என்ன செய்வோம்? மெழுகிக் கோலம் போட்டுப் பால் காய்ச்ச மாட்டோம்? ஒன்னும் செய்யல. அப்புறம் எப்படி இடம் குடுப்பாங்க?"

அவர் வழக்கமாகப் பேசுகிற வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் எழுந்தபோது மாமியின் பாய் சுருட்டி வைத்திருந்தது. பெரட்டுக்குத் தப்பு இன்னும் அடிக்கவில்லை. மாட்டுக் கொட்டிலில் பார்த்தேன். பசு ஏற்கெனவே கறந்தாகிவிட்டது. சாணி இருந்த இடம் சுத்தம். அப்போதுதான் மேட்டுப் பக்கம் பனிக்குள் புகை எழும்புவதைப் பார்த்தேன்.

மேலே ஓடினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் காட்சி கண்ணுக்குள் நிற்கிறது. நூல் கட்டிய அந்தப் பெரிய வீட்டின் வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் பச்சைப்பசேல் என்று சாணி மெழுகியிருந்தது. வாசலில் மாவுக்கோலம். பாணுக்கே வழியில்லாத காலத்தில், ரொட்டிக்கு வைத்திருந்த மாவு அது. அந்தப் பழைய மூன்று கல்லின் மேலே எங்கள் வீட்டுப் பால்சட்டி. மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்.

"மாமி, என்ன காரியம் செஞ்சீங்க!"

"சத்தம் போடாத. பொங்கப் போகுது."

பொங்கியது. மூன்று பக்கமும் வழிந்து கல்லில் சீறியது. மாமி கையெடுத்துக் கும்பிட்டு, பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்கிற குரலில் சொன்னார்: "எங்க வீட்ல ஒரு புள்ள உண்டாயிருக்கு. அதுக்கு ஒரு மூலை குடுங்க."

நான் குனிந்து அடுப்புக்குள் பார்த்தேன்.

"அடுப்புல பாதிச் சாம்பல் இருந்துச்சே மாமி, அது எங்க?"

"சாம்பல அள்ளாம யாராவது அடுப்பு மூட்டுவாங்களா?" என்றார். "அள்ளிக் கொண்டுபோய் நம்ம பூசணிக் கொடிக்குப் போட்டுட்டேன்."

ஜீப் வந்தது. ஐயா இறங்கி, வாசல் கோலத்தைப் பார்த்து, மெழுகின தரையைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். வெகுநேரம் பேசினார். சத்தம் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. முடிந்ததும் நானா தொண்டையைச் செருமினார்.

"வேல கெட்டுப்போச்சுன்னு சொல்றாரு அக்கா."

"அம்புட்டு நேரம் பேசினாரே, அவ்வளவுதானா?"

"மிச்சத்த நான் தமிழ்ல சொல்ல மாட்டேன்."

மாமிக்கு அப்போதுதான் முகம் மாறியது. கெட்டது செய்ய வந்தவரில்லையே அவர். நானாவைப் பார்த்து, முந்தின நாள் என்னிடம் சொன்னதையே நிதானமாகச் சொன்னார். கேட்காமல் வந்தது, பால் காய்ச்சாதது, மருமகள் உண்டாயிருப்பது, ஓரக் காம்பரா. நானாவுக்குச் சொல்ல நேரம் எடுத்தது. அந்த ஒரு தடவைதான் அவர் சொந்தமாக எதுவும் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஐயா கேட்டுக்கொண்டே அடுப்புப் பக்கம் பார்த்தார். அங்கே பால் ஊற்றி மூன்று கிளாஸ் வைத்திருந்தது.

"மூனு யாருக்குன்னு கேக்குறாரு."

"ஒன்னு ஐயாவுக்கு, ஒன்னு ஒங்களுக்கு."

"மூனாவது?"

"வீட்டுக்காரங்களுக்கு," என்று தரையைக் காட்டினார் மாமி.

ஐயா எழுந்து வந்து ஒரு கிளாசை எடுத்துக் குடித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சாம்பல் போன இடத்தைக் காட்டச் சொன்னார். எல்லோருமாகப் பூசணிக் கொடிக்குப் போனோம். மாமி அதற்குத் தண்ணியும் ஊற்றியிருந்தார். ஆயிரம் ஆயிரம் வருசத்துச் சாம்பல் எங்கள் கொடிக்கடியில் சேறாகிக் கிடந்ததை ஐயா குனிந்து பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆயிரம் வருசம் கழிச்சு யாராவது வந்து தோண்டினா," என்று நானா அவர் சொன்னதைச் சொன்னார், "அந்தப் பெரிய வீட்டுக்குள்ள ஒரு சாணித் தரையப் பாத்துட்டுத் தலையப் பிச்சுக்குவாங்களாம்." முதலில் எடுத்த பாதிச் சாம்பல் பொட்டலமாகப் பத்திரமாக இருந்ததால் எல்லாம் போய்விடவில்லையாம். போனது போனதுதானாம்.

மாமிக்கு மூச்சு வந்தது. அந்தத் தைரியத்தில் நேராகவே கேட்டார். "அப்ப லயம்? அங்கேயே கட்டுவாங்களான்னு கேளுங்க நானா."

நானா கேட்டார். ஐயா சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார். நானா அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் பூசணிப் பூவைப் பார்த்தார்.

"இந்த இடத்துல இனி யாரும் கட்ட முடியாதாம் அக்கா. மண்ணப் போட்டு மூடி வைப்பாங்களாம். வேற இடம் பாத்துத்தான் கட்டணுமாம். எப்பன்னு அவருக்குத் தெரியாதாம்."

என் சன்னல் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. பால் பொங்கியும் இடம் தரவில்லையே என்று நினைக்கிற முகம். மாமி பேசாமல் நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பெரகலச் சந்திக்கு அனுப்பினார். கடையிலிருந்து வெறும் சாக்குகளும் கொஞ்சம் சணல் கயிறும் வந்தன. என் வீட்டுக்காரரிடம் மூங்கில் வெட்டி வரச் சொன்னார். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. காம்பராவின் உள் மூலையில் தானே மூங்கிலை நட்டு, சாக்கைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டார். நேராக அல்ல, ஒரு வளைவாக. அந்தப் பெரிய வீட்டின் வடக்கு மூலை எப்படி வளைந்திருந்ததோ அப்படியே. உள்ளே எங்கள் பாயை விரித்தார். குழந்தைக்குத் தண்ணி சுட வைக்க ஒரு குட்டி அடுப்பும் மண்ணால் பிடித்து வைத்தார்.

"அந்தக் காலத்துலயே அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு," என்றார். "எனக்குத்தான் புத்தி இல்ல. யாரோ இருந்தாங்களாம், சொல்ல முடியாதாம்! கட்டிக்கிட்டு வந்த புள்ள இருந்திருப்பா, வேற யாரு?"

இடம் குறைந்ததால் யாராவது வெளியே போக வேண்டியிருந்தது. மாமாவும் மாமியும் இஸ்தோப்புக்குப் போனார்கள். நான் மல்லுக்கு நின்றேன். "குளிருமே மாமி."

"அடுப்புச் சூடு இருக்கு. காத்தும் நல்லா வருது."

"அந்தக் காத்தத்தான் சொல்றேன்."

"ஒனக்கு என்னடி தெரியும்? இத்தனை வருசம் கழிச்சு நானும் ஒங்க மாமனாரும் தனியா இருக்கப் போறோம்," என்றார். மாமா இருமினார், சந்தோசமாக.

அந்தச் சாக்குக்குப் பின்னால்தான் என் மூத்த மகள் பிறந்தாள். எங்கள் பேச்சுக்குக் காதில்லாத இடம் கிடைத்தது. விறகு முன்னைப்போல வருவதில்லை என்று மட்டும் மாமி குறைப்பட்டுக்கொண்டார்.

ஐயா அந்த வீட்டின் மேலே மணல் பரப்பி, மண் மூடி, புல் நட்டுவிட்டுப் போனார். எத்தனை வயசு என்று யாரும் வந்து எங்களுக்குச் சொல்லவில்லை. பூசணி காய்த்தபோது நானா அந்தப் பக்கம் வந்த சமயம் மாமி ஒரு பெரிய காயை ஐயாவுக்குக் கொடுத்தனுப்பினார். கறிக்கா ஆராய்ச்சிக்கா என்று ஐயா கேட்டதாக நானா அடுத்த முறை வந்து சொன்னார்.

புது லயம் வெகுநாள் கழித்து ஓடைப் பக்கம் கட்டினார்கள். அப்போது மகள் ஓடி விளையாடுகிறாள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னால் மாமி ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு அந்த இடம் முழுக்கக் குத்திப் பார்த்தார். "யாரு வீடாவது இருக்கப் போகுது," என்று. எங்களுக்குக் கிடைத்தது ஓரக் காம்பராதான். சன்னலும் வைத்தார்கள். பால் காய்ச்சியது மாமி. ஒரு கிளாஸ் கூடுதலாக ஊற்றிச் சுவரோரம் வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் புதுத் தரையில் எல்லோரும் சற்றுத் தலை சாய்த்தோம். மாமி சுவரோரம், நடுவில் மகள், இந்தப் பக்கம் நான். சன்னல் வழியாக வெயில் வந்து கால்மாட்டில் கிடந்தது. எனக்குக் கண் சொருகுகிற நேரம் மாமி இடது பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவு இடம் கிடந்தும் நானும் திரும்பினேன்.